நாற்பத்தேழு டைல்

என் அக்கா புருஷனுக்கு வேலையிடத்தில் ரசமட்டம் என்று பேர். கொத்தனார் கையில் இருக்குமே, மரச்சட்டத்துக்கு நடுவில் ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு குமிழி, அதுதான் ரசமட்டம். தரை சரியாக இருந்தால் குமிழி நடுவில் நிற்கும். சரியில்லை என்றால் ஒதுங்கிப் போய்விடும். மாமாவும் அப்படித்தான். அக்காவைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு முதல் தடவை வந்தபோது, என் அப்பாவிடம் அவர் பேசிய முதல் முழு வாக்கியம், "உங்க கூடத்துல தண்ணி கொட்டினா வாசலுக்குப் போகாது, அடுப்படிக்குத்தான் போகும்" என்பது. அப்பா நம்பவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரைக் கொட்டிப் பார்த்தோம். அடுப்படிக்குத்தான் போனது. அப்பா சாகிறவரை அதை மன்னிக்கவில்லை.

முப்பத்து நாலு வருடம் டைல் பதித்தார். டைலைத் தண்ணீர் விட்டு வெட்டினால் சேறாகும், துடைக்க நேரமாகும் என்று எல்லோரையும் போலக் காய்ந்தபடியே வெட்டினார். மிஷின் சக்கரம் சுற்றச் சுற்ற வெள்ளைப் புகை மாதிரித் தூசி எழும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் புருவம் வெளுத்திருக்கும். துண்டால் தட்டிவிட்டால் போய்விடும். உள்ளே போனதைத் தட்டிவிட யாரும் வரவில்லை. ஐம்பத்தாறு வயதில் மாடிப்படி நடுவில் நின்று, அந்தப் படியின் உயரம் சரியில்லை என்று குறை சொன்னார். படி சரியாகத்தான் இருந்தது. எக்ஸ்ரே எடுத்தோம்.

நுரையீரலில் தூசி படிந்து தழும்பாகிவிட்டது, தழும்பு போகாது, மிச்சம் இருக்கிற இடத்தை நன்றாக உபயோகிக்கப் பழகிக்கொள்ளலாம் என்றார்கள். மாமா வேலையை விட்டார். அதன்பின் இரண்டு வருடம் அவர் வீட்டில் இருந்தார். இதை நான் சுருக்கமாகச் சொல்கிறேன், அக்கா அதை முழுதாக அனுபவித்தாள். அலமாரி சாய்ந்திருக்கிறது என்பார். தட்டு அடுக்கு நேராக இல்லை என்பார். நாலு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கும். அந்த இடைவெளியில் அக்கா அறையை விட்டுப் போய்விடுவாள்.

அப்போதுதான் பழைய எஞ்சினியர் ஒருவர் கூப்பிட்டார். பெரிய குடியிருப்பு ஒன்று கட்டிக்கொண்டிருந்தார். "வெட்ட வேண்டாம், பதிக்க வேண்டாம். நடந்து போய்த் தட்டிப் பாத்து, எது தப்புன்னு சொன்னா போதும்" என்றார். அதாவது, மாமா வீட்டில் சும்மா செய்துகொண்டிருந்ததற்குச் சம்பளம். ஒரே ஒரு நிபந்தனை. நுரையீரல் கோளாறு உள்ளவர் என்றால், ஆறு நிமிடத்தில் நானூறு மீட்டர் நடக்க முடியும் என்று ஆஸ்பத்திரிச் சான்றிதழ் வேண்டும். கம்பெனி விதி. மாமா போனை வைத்துவிட்டு வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வேலை கிடைக்காவிட்டால் இந்த மனிதர் நாற்காலியிலேயே முடிந்துபோவார் என்று எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருந்தது.

ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில் மூச்சுப் பயிற்சிப் பிரிவு. அங்கே ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. வாரம் இரண்டு நாள், பன்னிரண்டு வாரம் பயிற்சி. முதல் நாளும் கடைசி நாளும் நடக்க வைத்து அளப்பார்கள். ஊதி இழுக்க ஒரு சின்னக் கருவியும் தருவார்கள். அதில் இரண்டு வகை. ஒன்று மூச்சுத் தசைக்கு உண்மையாகவே வேலை கொடுக்கும், இன்னொன்று சும்மா. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. சம்மதப் பத்திரம் பதினோரு பக்கம். இதுவரை எல்லோரும் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். மாமா முழுவதையும் படித்து, ஒன்பதாம் பக்கம் இரண்டு தடவை வந்திருக்கிறது என்று சொன்னார். ஆராய்ச்சியை நடத்திய டாக்டரம்மா நன்றி சொன்னார். இவரைப் பற்றி இன்னும் அவருக்கு ஒன்றும் தெரியாது.

எனக்கு ஜெராக்ஸ் கடை. செவ்வாயும் வெள்ளியும் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு, மாமாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவேன். அங்கே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தேன்.

நடைச் சோதனை என்பது இதுதான். நீளமான வராண்டா. இரண்டு முனையிலும் ஆரஞ்சு நிறக் கூம்பு. நடுவே முப்பது மீட்டர். கூம்பைச் சுற்றித் திரும்பித் திரும்பி ஆறு நிமிடம் நடக்க வேண்டும். விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப். பயிற்சி கொடுக்கும் பெண்ணை எல்லோரும் பிசியோ என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் நிமிடத்துக்கு ஒரு தடவை பேசலாம். ஆனால் எழுதிக் கொடுத்த வாக்கியங்களை மட்டும்தான் பேசலாம். "நல்லா நடக்கிறீங்க. இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு." அடுத்த நிமிடம், "இதே மாதிரி நடங்க. இன்னும் நாலு நிமிஷம் இருக்கு." குரலைக்கூட ஏற்றக் கூடாது. ஒருவரை உற்சாகப்படுத்திவிட்டால் ஆராய்ச்சி கெட்டுவிடும்.

முதல் நாள் மாமா நடந்தது முந்நூற்று நாற்பத்திரண்டு. மூச்சு முட்டலுக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்லச் சொன்னாள் பிசியோ.

"ஆறே கால்."

"முழுசா சொல்லுங்க சார்."

"முழுசா இருந்தா சொல்ல மாட்டேனா."

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, குனிந்து, மூச்சைச் சமாளித்துக்கொண்டிருந்தார். குனிந்திருந்ததால் தரை கண்ணில் பட்டது. அதுதான் வினை.

திரும்பி வரும்போது சிக்னலில் நின்றோம். பின்னாலிருந்து, "மாப்ள" என்றார். "அந்த வராண்டா முப்பது மீட்டர் இல்ல."

"பின்ன?"

"ரெண்டுக்கு ரெண்டு அடி டைல். அறுபது சென்டிமீட்டர். இடைவெளி விடாம ஒட்டிப் பதிச்சிருக்கான். முப்பது மீட்டர்னா அம்பது டைல் இருக்கணும். நாப்பத்தேழுதான் இருக்கு. இருபத்தெட்டு மீட்டர் இருபது."

"அங்கேயே சொல்லியிருக்க வேண்டியதுதானே மாமா?"

பச்சை விழுந்தது. இரண்டு தெரு தாண்டிய பிறகு, "நமக்கெதுக்கு" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அதற்கு முன் நான் கேட்டதில்லை. வண்டியை ஓரம் கட்டி உடம்பு எப்படியிருக்கிறது என்று விசாரித்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒவ்வொரு தடவை அந்தக் கூம்பைத் தொடும்போதும் ஒன்றே முக்கால் மீட்டருக்கு மேல் இலவசமாக வந்துகொண்டிருந்தது. நானூறு தேவைப்படுகிற ஆளுக்கு அது சின்ன விஷயமில்லை.

அக்காவிடம் சொன்னோம். அவள் யோசிக்கவே இல்லை. "நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க? நீங்க வாயத் திறக்காம இருந்தா போதும். வாழ்க்கையில ஒரு தடவை."

பன்னிரண்டு வாரம் வாயைத் திறக்காமல் இருந்தார். அதற்கு அவர் பட்ட பாடு, மூச்சுக்குப் பட்ட பாட்டைவிடப் பெரிது. வராண்டாவில் நடக்கும்போது தரையைப் பார்க்க மாட்டார். முகத்தை நிமிர்த்தி, எதிர்ச்சுவரில் ஆணியடித்தது போல் கண்ணை நிறுத்தி நடப்பார். "தலை நிமிந்து நடக்கிறீங்க, நெஞ்சு நல்லா விரியும், எல்லாரும் இவரப் பாருங்க" என்று பயிற்சி நேரத்தில் பிசியோ மற்றவர்களிடம் சொன்னாள். அப்போது மாமாவின் முகம் போன போக்கை நான் மட்டும்தான் பார்த்தேன்.

பயிற்சி என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, எரிகிற மெழுகுவத்தி அணையாமல் ஆட மட்டும் செய்கிற அளவுக்கு மெதுவாக ஊதுவது. ஒரு படி ஏறி இறங்குவது. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்திருப்பது. தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது. நாலாவது வாரம் செருப்பு வாரைக் குனிந்து மாட்டினார். ஏழாவது வாரம் வீட்டு மாடிப்படியை நிற்காமல் ஏறினார். மூச்சு கூடக் கூட வாக்கியமும் நீண்டது. முன்பு நாலு வார்த்தையில் முடிந்த குறை இப்போது பத்து வார்த்தை ஓடியது. அக்காவுக்கு அறையை விட்டுப் போக இடைவெளி கிடைக்கவில்லை. "குணமாகுதுன்னு சந்தோஷப்படறதா என்னன்னு தெரியலடா" என்றாள் என்னிடம். சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

கடைசி நாள். பதின்மூன்று தடவை வராண்டா, அதற்கு மேல் இருபத்தோரு மீட்டர். நானூற்றுப் பதினொன்று. பிசியோ எழுதினாள், டாக்டரம்மா சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். மாமா அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். எழுந்து வந்திருக்கலாம். டாக்டரம்மா சந்தோஷத்தில் பேச்சுக் கொடுத்தார்.

"உங்களை மாதிரி முப்பத்தாறு பேர். இந்த அளவையெல்லாம் சேத்து, பயிற்சிக்கு அப்புறம் ஒருத்தர் எவ்வளவு தூரம் நடக்கணும்னு ஒரு அட்டவணை போடுவோம். மத்த ஆஸ்பத்திரிங்க அதப் பாத்துத்தான் அவங்க நோயாளிகிட்ட சொல்லுவாங்க."

"அந்த அளவு வரலன்னா?" என்றார் மாமா.

"பத்தல, இன்னும் முயற்சி பண்ணுங்கன்னு சொல்லுவாங்க."

மாமா தலையாட்டினார். வெளியே வந்தோம். படியில் இறங்கினோம். பத்தாவது படியில் உட்கார்ந்துவிட்டார். மூச்சுத்தான் என்று நினைத்து முதுகைத் தேய்த்தேன். கையைத் தள்ளிவிட்டார்.

"எங்கேயோ ஒருத்தன், மாப்ள. என்னை மாதிரியே தூசி தின்னவன். சரியா முப்பது மீட்டர் வராண்டாவுல நடப்பான். நான் நடந்த தூரமே நடப்பான். அவன்கிட்ட பத்தலன்னு சொல்லிடுவாங்க." சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டு, "பத்தலன்னு கேக்கறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்" என்றார்.

என் யோசனையையும் சொல்லிவிடுகிறேன், மறைப்பதற்கில்லை. "நாளைக்குக் காலைல இந்தப் பேப்பரை எஞ்சினியர்கிட்ட குடுத்துடுவோம். சேந்த பிறகு வந்து சொல்லலாம். வேலில போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்காதீங்க" என்றேன். அது நல்ல யோசனை என்றே இப்போதும் நினைக்கிறேன். அவர் கைப்பிடியைப் பிடித்து எழுந்து, பத்துப் படியும் திரும்பி ஏறினார். உதட்டைக் குவித்து, சொல்லிக் கொடுத்தபடி ஊதிக்கொண்டே ஏறினார்.

டாக்டரம்மாவின் மேஜையில் சான்றிதழை விரித்து வைத்து, "இது தப்பும்மா" என்றார்.

டேப் கொண்டுவந்தாள் பிசியோ. ஒரு முனையை நான் பிடித்தேன். இருபத்தெட்டு மீட்டர் இருபது சென்டிமீட்டர். பிசியோ மறுபடி அளந்தாள். டேப் மனம் மாறவில்லை. கடைசியில் குடிதண்ணீர் மிஷினை நகர்த்திப் பார்த்தால், சுவரோரம் பழைய மஞ்சள் கோடு இருந்தது. எப்போதோ மிஷின் வந்தபோது அதற்கு இடம் விட யாரோ கூம்பை மூன்று டைல் தள்ளி வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு வந்தவர்கள் கூம்பிலிருந்து கூம்பு முப்பது என்றே நம்பிவிட்டார்கள். பிசியோவும் அப்படி வந்தவள்தான். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

டாக்டரம்மா நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர், "இத எப்பக் கவனிச்சீங்க?" என்றுதான் கேட்டார்.

"முதல் நாளே."

"பன்னெண்டு வாரமா தெரிஞ்சும் சொல்லல."

"சொல்லல."

"ஏன்?"

"நானூறு வேணும்னு இருந்தேன்மா. ஆசைதான். வேற ஒண்ணுமில்ல."

அவர் கோபத்தை அடக்கிக்கொண்டது தெரிந்தது. மேலிடத்துக்கு எழுத வேண்டும், முப்பத்தாறு பேர் கணக்கையும் திருத்த வேண்டும். யார் எத்தனை தடவை திரும்பினார்கள் என்று தாளில் இருந்ததால் திருத்த முடிந்தது, அதுவரை புண்ணியம். தன் கணக்கை மாமாவே சொன்னார். பதின்மூன்று தடவைக்கு இருபத்து மூன்று மீட்டர் நாற்பது குறையும். மிச்சம் முந்நூற்று எண்பத்தேழு அறுபது. டாக்டரம்மா சான்றிதழின் குறுக்கே கோடு போட்டு, ரத்து என்று எழுதினார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, நான் கண்ணால் பார்த்தேன். பிறகு, "ரெண்டு வாரம் கழிச்சு வாங்க. ஆராய்ச்சில சேராது. சான்றிதழுக்கு மட்டும் ஒரு தடவை நடக்கலாம்" என்றார்.

அக்கா நாலு நாள் பேசவில்லை. சாப்பாடு மட்டும் தட்டில் வந்தது. பயிற்சிப் பிரிவில் கூடவே நடந்த ஒரு பழைய கண்டக்டர், "உங்களால எனக்கு இருபது மீட்டர் போச்சு" என்று சொல்லி, வேறு நாற்காலிக்கு மாறிக்கொண்டார். ஒருவருடைய காலும் ஒரு அடி குறையவில்லை, மூச்சும் குறையவில்லை. ஆனால் எண் குறைந்தால் மனிதனுக்குக் குறையத்தான் செய்கிறது. மாமா தினமும் காலையும் மாலையும் தெருவில் நடந்தார். எங்கே திரும்பினால் எத்தனை மீட்டர் என்று எல்லா வீட்டு வாசலையும் அளந்து வைத்திருந்தார்.

இரண்டு வாரம் கழித்து அக்காவும் வந்தாள். ஏன் வருகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. என் பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தண்ணீர் மிஷின் வேறு சுவருக்குப் போயிருந்தது. கூம்பு மஞ்சள் கோட்டின் மேல் நின்றது. ஐம்பது டைல். இந்தத் தடவை மாமா தரையைப் பார்த்து நடந்தார்.

"நல்லா நடக்கிறீங்க. இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு" என்றாள் பிசியோ, எழுதிக் கொடுத்த குரலில்.

முதல் மூன்று நிமிடம் பிரமாதம். நாலாவது நிமிடத்தில் இருமல் வந்தது. மாமா நின்றார். கையைச் சுவரில் ஊன்றினார். கடிகாரம் நிற்காது, அதுவும் விதி. "சுவர்ல சாஞ்சுக்கலாம். முடியும்னு தோணும்போது நடங்க" என்றாள் பிசியோ. அதுவும் எழுதிக் கொடுத்த வாக்கியம்தான். அக்கா எழுந்து நின்றாள், பிறகு உட்கார்ந்தாள். எனக்குப் பயமாக இருந்தது. வேலை போனால் போகட்டும், இந்த மனிதர் அந்தச் சுவரை விட்டுக் கையை எடுத்தால் போதும் என்று இருந்தது. உதட்டைக் குவித்தார். ஊதினார். இன்னொரு தடவை ஊதினார். கையை எடுத்து நடந்தார்.

பதின்மூன்றாவது தடவை கூம்பைச் சுற்றியபோது பிசியோ கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்நூற்றுத் தொண்ணூறு. இன்னும் பத்து மீட்டர் வேண்டும். அவர் வாய் முணுமுணுத்தது, எண்ணிக்கொண்டு வந்தார்.

"நில்லுங்க" என்றாள் பிசியோ.

நின்றார். குனிந்து காலைப் பார்த்தார். மூச்சு திரும்பி வர ஒரு நிமிடம் ஆயிற்று. வந்ததும், "பதினாறு டைல்" என்றார். "ஒம்பது மீட்டர் அறுபது."

பிசியோ டேப் வைத்தாள். ஒன்பது மீட்டர் அறுபது. அக்கா கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள். பிசியோ மண்டியிட்டபடியே தாளில் எழுதினாள். மாமா எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா எழுதற?"

"நானூறு சார்."

"முந்நூத்தித் தொண்ணூத்தொம்பது அறுபது."

"பக்கத்துல இருக்கிற முழு மீட்டருக்கு எழுதணும் சார். விதி அப்படி."

"நாப்பது சென்டிமீட்டர் குறையுது. ஒரு டைல்ல மூணுல ரெண்டு பங்கு."

டாக்டரம்மா வந்தார். விதிப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். அரை மீட்டருக்கு மேல் இருந்தால் அடுத்த எண், குறைவாக இருந்தால் முந்தைய எண் என்று அச்சில் இருந்தது. "எல்லாருக்கும் இப்படித்தான் எழுதறோம். உங்களுக்காக விதிய மாத்த முடியாது" என்றார். மாமா புத்தகத்தைக் கையில் வாங்கிக்கொண்டார். அவர் அடுத்து என்ன சொல்லப் போகிறார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

அக்கா எழுந்து வந்தாள். கத்தவில்லை. அடுப்படியில் பேசுகிற குரலில்தான் பேசினாள்.

"ஏங்க. இருபத்தொம்பது வருஷமா உங்ககூடக் குடித்தனம் பண்றேன். ஒரு நாளாவது நீங்க முழுசா நானூறா இருந்திருக்கீங்களா? நான் நானூறுன்னு எழுதிக்கிட்டுத்தானே வரேன்."

மாமா வாயைத் திறந்தார். மூச்சு இருந்தது, வார்த்தை வரவில்லை. புத்தகத்தை டாக்டரம்மாவிடம் கொடுத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார். அக்கா அவர் முதுகில் கையை வைத்து, மெதுவாக விடுங்க, மெதுவாக விடுங்க என்று சொல்லிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா கையெழுத்துப் போட்டு நீட்டிய தாளை நான்தான் வாங்கினேன்.